எழுபத்திரண்டு

ஒரு மனிதனின் இதயம் நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு தடவை துடித்தால் டாக்டர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். அதே இதயம் மூன்றரை வருஷத்தில் ஒரே ஒரு தடவைகூட எழுபத்து மூன்றுக்குப் போகவில்லை என்றால், பார்க்கிறவருக்குப் பயம் வர வேண்டும். தர்ஷினிக்கு வந்தது. மூன்றரை வருஷத்தில் அதைப் பார்த்த முதல் ஆள் தான்தான் என்று புரிந்தபோது இன்னும் அதிகமாக வந்தது.

தூத்துக்குடிக் கிளையின் தொழில்நுட்ப ஆள் தங்கை கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்ததால், அவளைச் சென்னைத் தலைமையகத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். செயற்கை இதயம் வைத்தவர்கள் வந்துபோகும் அலுவலகத்தை லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பிடித்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று வந்து கம்ப்யூட்டரைத் தின்றது. மூடினால் வியர்த்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் பெயர் ஜெரால்டு. நாற்பத்திரண்டு வயது. உப்புக் கம்பெனி ஒன்றில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் வேலை. சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, நெஞ்சில் ஒயரை மாட்டிக்கொண்டு, பல் டாக்டரிடம் வந்தவர் அளவுக்குக்கூடப் பதற்றமில்லாமல் உட்கார்ந்திருந்தார். திரையில் அவருடைய துடிப்பின் வேகம் அடிமட்டம் வைத்து இழுத்த கோடாக ஓடியது.

"மாடி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று கேட்டாள் தர்ஷினி.

"வாங்கும் மேடம். ஆபரேசன் பண்ணுன டாக்டரு, புது இதயம்னா மொதல்ல அப்படித்தான் இருக்கும், பொறவு பழகிரும்னாரு. பழகிட்டு."

"மூச்சு வாங்குறது நின்னுடுச்சா?"

"இல்ல மேடம். ஏறாம இருக்கப் பழகிட்டேன்."

"வருஷா வருஷம் செக்கப்புக்கு வந்திருக்கீங்களே. யாரும் எதுவும் சொல்லலையா?"

"பேட்டரியப் பாப்பாங்க. நல்லாருக்கும்பாங்க. போன வருசம் ஒரு சான்றிதழ்கூட குடுத்தாங்க. ஒரு கோளாறும் காட்டாத இதயம்னு. சட்டம் போட்டு வீட்ல மாட்டிருக்கேன்."

அந்தச் சான்றிதழைத் தர்ஷினிக்குத் தெரியும். சென்னையில் கட்டுக்கட்டாக அச்சடித்தபோது, ஓரத்தில் என்ன பூ போடலாம் என்று அவளையும் கேட்டார்கள்.

"கோபம் வருமா உங்களுக்கு?"

"வராது. லாரிக்காரங்க என்ன ஏசினாலும் எனக்கு ஒண்ணும் செய்யாது. மொதலாளிக்கு அதுல ரொம்ப சந்தோசம்."

"பயம்? ஓட்டம்? இந்த மூணரை வருஷத்துல எப்பவாவது வேகமா ஓடியிருக்கீங்களா?"

"ஒரே ஒரு நாளு ஓடுனேன் மேடம்."

அதன்பிறகு அவர் சொன்னதை, லாரியின் எடையைப் படித்துச் சொல்கிற அதே குரலில்தான் சொன்னார்.

"எம்மவ ஜோவிட்டா. எட்டு வயசு. ரெண்டு வருசம் முன்ன, மார்ச்சு பதினாலு. பள்ளிக்கூடம் லீவுன்னு எங்கூட வேலைக்கு வந்திருந்தா. உப்பளத்து ஓடைக்கிட்ட வெளாடிட்டு இருந்தவ சறுக்கி உள்ள விழுந்துட்டா. நா இருந்த எடத்துலருந்து எறநூறு எட்டு தூரம் இருக்கும். சத்தங் கேட்டு ஓடுனேன். ஒரு நாப்பது எட்டு எடுத்து வெச்சிருப்பேன். கண்ண இருட்டிட்டு வந்துச்சி, காலு மடங்கிட்டு. அப்படியே உக்காந்துட்டேன். லாரிக்காரங்க ரெண்டு பேரு என்னத் தாண்டி ஓடிப் போயி தூக்கிட்டு வந்தாங்க. அதுக்குள்ள முடிஞ்சிட்டு."

அவர் நிறுத்தாமல் தொடர்ந்தார்.

"பிள்ள முங்குது, தகப்பன் உக்காந்து பாத்துட்டு இருந்தான்னு ஊர்ல சொல்லுதாங்க. உக்காந்தது என்னவோ நெசந்தான. அடக்கத்தன்னைக்கும் எனக்கு அழுக வரல. எம்பொண்டாட்டி பிளசி ஏழு நாளு என் மூஞ்சியவே பாத்தா. எட்டாம் நாளு, ஒங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு கெடையாதுன்னு சொல்லிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. எனக்கும் அப்படித்தான் தோணுது மேடம். நா அந்த மாதிரி ஆளுதான் போல."

தர்ஷினி பழைய பதிவுகளில் மார்ச் பதினான்கைத் தேடி எடுத்தாள். காலை பத்து மணி, எழுபத்திரண்டு. பத்தரை, எழுபத்திரண்டு. பத்து நாற்பதுக்கு உடம்பு ஓடியிருந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து குறைந்து அபாயக் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. இதயம் மட்டும் கோயில் குளத்தைச் சுற்றி நடைப்பயிற்சி போகிறவருக்குத் துடிப்பதுபோல எழுபத்திரண்டு துடித்துக்கொண்டிருந்தது.

"உங்க இணைப்பு வரியைக் கொஞ்சம் பாக்கிறேன்" என்றாள்.

"அது என்னது மேடம்?"

"இந்த இதயம் தானா எதையும் முடிவு பண்ணாது. சென்னையில ஒரு டேட்டாபேஸ் இருக்கு. லட்சக்கணக்கான பேரோட துடிப்பு அதுல இருக்கு. நீங்க படி ஏறினா, உங்க இதயம் அங்க போய், இவர் படி ஏறுறார், எவ்வளவு துடிக்கணும்னு கேக்கும். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள பதில் வந்துடும். எங்க போய்க் கேக்கணும், என்ன பேர் சொல்லணும், எவ்வளவு நேரம் காத்திருக்கணும், இதையெல்லாம் ஒரே வரியில எழுதி உள்ள வெச்சிருப்போம். அந்த வரியைப் படிச்சு, சொன்னபடி போய்க் கேட்டுட்டு வர்றதுக்கு நடுவுல ஒரு ஆள். அதுக்குப் பேர் டிரைவர்."

"லாரி டிரைவர் மாதிரியா? ஊரு பேரு புரியலன்னா எறங்கி யார்ட்டயாவது கேப்பான்லா?"

"இந்த டிரைவர் கேக்காது சார். புரியலன்னா அந்தச் சொல்லைத் தாண்டிப் போயிடும். போற ஊர் தெரியலன்னா வண்டியை எடுக்காம வீட்டு வாசல்லயே நின்னுக்கும். போய்ட்டு வந்துட்டேன்னு வேற சொல்லும்."

"படுபாவி" என்றார் ஜெரால்டு. கோபமாக இல்லை, ஏதோ பேச்சுக்கு.

வரி திரையில் வந்தது. தர்ஷினி பின்னாலிருந்து படித்தாள். அது அவள் வழக்கம். அலறல்=வேண்டாம். கோளாறு வந்தால் சத்தம் போடாதே என்று அர்த்தம். மறுமுயற்சி=3. காத்திருப்பு=2. பெயர்=ஜெரால்டு, அதையடுத்து ஒரு நீள எண். எல்லாம் சரியாக இருந்தன. வரியின் தலைப்பக்கம் வந்தபோது அவள் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது.

அங்கே 'இடம்=சென்னை' என்று இருந்திருக்க வேண்டும். 'உஇடம்=சென்னை' என்று இருந்தது.

யார் எழுதினார்கள் என்று பார்க்க அவளுக்கு அவசியமே இருக்கவில்லை. ஆனாலும் பார்த்தாள். வரி எழுதியவர்: தர்ஷினி.

அவளுக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. கோயிலுக்குப் போனால் பிரகாரத்தில் உட்கார்ந்து போனைப் பார்க்கிற ரகம். ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து பரீட்சைத் தாள், மளிகைச் சீட்டு, லீவு லெட்டர் என்று எதை எழுதினாலும் உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி போட்டே பழகிய விரல்கள் அவளுடையவை. கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. புது வரி எழுத உட்கார்ந்தால் முதலில் ஒரு 'உ', அப்புறம் என்டர், அடுத்த வரியில் வேலை. பழைய படிவத்தில் அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. முதல் வரியை யாரும் படிப்பதில்லை. இடையில் ஏழு மாசம் ஒரு புதுப் படிவம் வந்தது. அதில் ஒரே ஒரு கட்டம்தான். என்டர் அடித்தாலும் கீழே போகாது. சுழி அப்படியே முதல் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. அவள் விரல் அதைக் கவனிக்கவில்லை, கண்ணும் கவனிக்கவில்லை.

டிரைவர் 'உஇடம்' என்ற சொல்லைப் பார்த்தது. அப்படி ஒரு சொல் அதற்குத் தெரியாது. தாண்டிப் போயிற்று. இடம் எது என்று யாரும் சொல்லாததால் தனக்குள்ளேயே இருக்கும் சின்ன அட்டவணையிடம் கேட்டது. பொருட்காட்சிகளில் இதயம் துடிப்பதைக் காட்டுவதற்காகக் கம்பெனி வைத்த மாதிரி அட்டவணை அது. அதில் ஒரே ஒரு பதில்தான் உண்டு.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அவள் படிக்கட்டுக்கு வந்து, மேலாளர் மகேந்திரனுக்குப் போன் போட்டாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எத்தனை பேர்?" என்றார்.

"அந்த ஏழு மாசத்துல நான் எழுதின வரி முப்பத்தெட்டு சார். இப்பதான் போன்ல தேடிப் பார்த்தேன். முப்பத்தெட்டுலயும் இருக்கு. ரெண்டு பேர் செத்துட்டாங்க. ஒருத்தர் மாடிப்படியில. இன்னொருத்தர் பஸ்ஸைப் பிடிக்க ஓடி."

"அதுக்குப் புகார் ஏதாவது வந்திருக்கா?"

"புகார் எப்படி சார் வரும்? செத்துப்போன ஆளா வந்து புகார் குடுப்பான்?"

"குரலை உயர்த்தாதே. டிரைவர் விதிப்படிதான் நடந்திருக்கு. புரியாத சொல் வந்தா தாண்டிப் போ, கையில இருக்கிறதை வெச்சு ஓட்டு. மொதல் டிரைவர் ஞாபகம் இருக்கா? புரியாத சொல் வந்தா அப்படியே நின்னுடும். சோதனையில ஆட்டுக்குட்டி செத்துப்போச்சு. என்ன வந்தாலும் நிக்கக் கூடாது, தப்பாவாவது துடிச்சிட்டே இருக்கணும்னு மேசையைத் தட்டிச் சொன்னது யாரு?"

சொன்னது தர்ஷினிதான். அன்றைக்கு அது நியாயமாகவே இருந்தது. இன்றைக்கும் யாராவது கேட்டால் அதையேதான் சொல்வாள். "அலறல் வேண்டாம்னு சொன்னது யாரு சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"நெஞ்சுக்குள்ளேருந்து பீப் பீப்னு சத்தம் வந்தா பேஷன்ட் பயந்துடறாங்கம்மா. சரி, விடு. அப்டேட்னு சொல்லி எழுத்தை எடுத்துடு. ஒண்ணும் பேசாதே."

"அவர் பொண்ணு செத்துடுச்சு சார்."

"அதனாலதான் பேசாதேங்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

நியாயமாகப் பார்த்தால் மகேந்திரன் கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் ஒருவர் தன்னையே கல்நெஞ்சுக்காரன் என்று நம்பிக்கொண்டு, அதற்கு ஒரு சான்றிதழையும் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு காலம் தள்ளுவதைப் பார்த்துவிட்டு, அப்டேட் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. உள்ளே போய் நாற்காலியை அவருக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், அன்னைக்கு நீங்க உக்காந்தது உங்களால இல்லை. ஓடுற காலுக்கு வேணுங்கிற ரத்தத்தை இதயம் அனுப்பலை. அழுகை வராததும் உங்களால இல்லை. நெஞ்சு படபடன்னு அடிச்சாத்தான் மனசுக்கே விஷயம் போய்ச் சேரும். உங்களுக்கு அடிக்கவே இல்லை. நான் செஞ்ச தப்பு. இந்த வரியை எழுதினது நான். இதோ, இந்த எழுத்து. இதை நான் போட்டேன்."

ஜெரால்டு திரையை எட்டிப் பார்த்தார். "இது பிள்ளையார் சுழியில்லா?"

"ஆமா."

"நாங்க லெட்டர் எழுதுனா மேல சிலுவை போடுவோம்."

"சிலுவை போட்டிருந்தாலும் இதேதான் சார் நடந்திருக்கும்."

"அப்படியா மேடம்" என்றார் அவர்.

அவ்வளவுதான். தன் பெண் செத்ததற்குக் காரணமானவள் எதிரே உட்கார்ந்து ஒப்புக்கொள்கிறாள். அவர் அப்படியா மேடம் என்கிறார். அவர் ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தர்ஷினிக்கு ஆறியிருக்கும். கோபப்படுவதற்கான சாமானையும் அவரிடமிருந்து அவளே பிடுங்கி வைத்திருந்தாள். கோபம் வர வேண்டிய இடத்தில் எண் அசையாமல் நின்றது, எழுபத்திரண்டு.

"இப்ப எடுத்துடறேன். எடுத்தா எல்லாம் ஒண்ணா வரும். தாங்குவீங்களா?"

"எனக்கு என்ன மேடம், நா நல்லாத்தான இருக்கேன்."

அவள் எழுத்தை அழித்தாள். வரியைத் திருப்பி அனுப்பினாள். மூன்றரை வருஷம் கழித்து அந்த இதயம் முதல் தடவையாகச் சென்னையிடம் போய், இந்த மனிதனுக்கு இப்போது எவ்வளவு வேண்டும் என்று கேட்டது. நிறைய என்று பதில் வந்தது.

எழுபத்தைந்து. எண்பத்து நான்கு. நூற்றுப் பத்து.

"மேடம், என்னமோ செய்யுது" என்று ஜெரால்டு நாற்காலியின் கையைப் பிடித்தார். முகத்தில் ரத்தம் ஏறியது. "நா ஓடுனேன்லா? ஓடத்தான செஞ்சேன்?" என்று யாரிடமோ கேட்டார். நூற்று முப்பது. "ஏ பாப்பா... ஏட்டி பாப்பா... அப்பா வந்துட்டு இருந்தேன்டீ..." அதற்கு மேல் சொல்லாக எதுவும் வரவில்லை. ஒரு பெரிய மனிதர் வாயைத் திறந்து அப்படி அலறுவதைத் தர்ஷினி அதற்கு முன் கேட்டதில்லை. பக்கத்து இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்து வாசலில் நின்றார்கள்.

கொஞ்சம் கழித்து அவர் நிமிர்ந்தார். கண் அவள்மேல் வந்து நின்றது. "நீயா? நீயா போட்ட?" என்றார். மேடம் போய்விட்டிருந்தது. கீபோர்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். எழுத்துகள் தெறித்து அறையெல்லாம் சிதறின. ஒயரைப் பிய்த்து எறிந்துவிட்டு வெளியே ஓடினார். மூன்று மாடியையும் எங்கேயும் நிற்காமல் அவர் இறங்கி ஓடுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பும் வந்தது.

அன்று மதியம் அவள் முழு அறிக்கையும் எழுதிச் சென்னைக்கு அனுப்பினாள். புதுக் கீபோர்டில் முதல் எழுத்தாக விரல் எதை அடித்தது என்று பார்த்துவிட்டு, அதை அழித்துவிட்டு, மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

கம்பெனி அறிக்கையை ஏற்றுக்கொண்டது. தனிமனிதப் பழக்கத்தால் நேர்ந்த பிழை என்று அவளுக்கு ஒரு மெமோ வந்தது. டிரைவரின் விதியில் ஒரு சொல்கூட மாறவில்லை. மீதியுள்ள முப்பத்தைந்து பேரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி எழுத்தை எடுக்கும் வேலை தொடங்கியது. ஒரு வாரத்தில் மகேந்திரன் போன் செய்தார்.

"பதிமூணு பேருக்குச் சொல்லியாச்சு. அஞ்சு பேர் இப்படியே இருக்கட்டும்னுட்டாங்க. ஒரு சம்மதப் படிவம் அச்சடிச்சு அனுப்பியிருக்கேன். கேக்கிறவங்களுக்கு அப்படியே விட்டுடு. அவங்ககிட்டேருந்து புகார் வரவே வராது பாரு" என்றார். அவர் குரலில் தெம்பு திரும்பியிருந்தது.

ஒன்பதாம் நாள் காலை, படியில் தடதடவென்று யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. பின்னாலேயே இன்னொரு காலடி மெதுவாக வந்தது. முதலில் ஜெரால்டு நுழைந்தார். மூச்சு வாங்கவில்லை. ஆனால் ஆள் பாதியாகியிருந்தார். கண் இரண்டும் ரத்தக்கட்டாக இருந்தன. வலது கையில் துணிக்கட்டு. பின்னால் வந்த பெண் கறுப்புக் கரை போட்ட சேலை கட்டியிருந்தாள். அது பிளசி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உக்காருங்க" என்றாள் தர்ஷினி.

பிளசிதான் முதலில் பேசினாள். "மேடம், அன்னைக்கு இவுக இங்கருந்து ஓடியே வந்து எங்கம்மா வீட்டு வாசல்ல நின்னாக. பிளசி நா ஓடுனேன்டி, நா உக்காரலடின்னாக. மூணு நாளு ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சி அழுதோம். ரெண்டு வருசமா எம்பிள்ளைக்கு நா ஒருத்தியாத்தான் மேடம் அழுதேன். இப்பத்தான் தொணைக்கு ஒரு ஆளு வந்துச்சி. இவுக சொல்லுதத கேக்காதீங்க. ஒங்கள கையெடுத்துக் கும்பிடுதேன்."

"நீங்க என்ன சொல்றீங்க சார்?"

"அந்த எழுத்தத் திருப்பிப் போடுங்க மேடம்" என்றார் ஜெரால்டு.

தர்ஷினிக்குப் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அவசர அவசரமாகச் சொல்லத் தொடங்கினார். "கொழாயத் தொறந்தா ஓடுதேன். வாளியில தண்ணி ஊத்துற சத்தம் கேட்டா ஓடுதேன். ஒரு நாளாச்சும் கண்ண மூடல. வேலைக்குப் போனா எடை மேடையில நிக்க முடியல, அந்த எறநூறு எட்டையும் ஓடிட்டே இருக்கேன். முந்தாநேத்து இருவது தடவ ஓடுனேன். மொதலாளி ஆள வெச்சிப் பிடிச்சி அனுப்பிட்டாரு. ஒவ்வொரு தடவையும் போய்ச் சேந்துருதேன் மேடம். காலு மடங்கல, கண்ணு இருட்டல, ஓடைக்குப் போயி நிக்கேன். அங்க ஒண்ணுமில்ல. தண்ணிதான் கெடக்கு."

"கொஞ்ச நாள் ஆகும் சார். டாக்டர்கிட்ட மாத்திரை..."

"சுவத்துல முட்டுதாக மேடம், மாத்திரையும் குடுத்துப் பாத்தாச்சி" என்றாள் பிளசி. "ஆனாலும் பரவால்ல. நா பாத்துக்கிடுதேன். எம்பிள்ளய நெனச்சி அழுற மனுசன் எனக்கு வேணும்."

"ஒனக்கு வேணும் பிளசி. எனக்கு முடியல" என்றார் அவர். பிறகு தர்ஷினியைப் பார்த்தார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. "அன்னைக்கு என்னக் கேக்காமப் போட்டீங்க. இன்னைக்கு நானே கேக்குதேன். போடுங்க."

மாட்டேன் என்று சொல்லும் உரிமை உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் இருக்கலாம், தர்ஷினிக்கு இல்லை. "போட்டா மறுபடியும் ஓட முடியாது சார். ஓடினா விழுந்துடுவீங்க. இந்தத் தடவை எழுந்திருக்காமகூடப் போகலாம்" என்றாள்.

"இனி யாருக்கு மேடம் ஓடணும்?"

சம்மதப் படிவத்தை எடுத்து வைத்தாள். அதில் நோயாளியின் கையெழுத்துக்குத்தான் இடம் இருந்தது. மனைவி கையெழுத்துக்கு இடமே விடவில்லை. ஜெரால்டு கட்டுப் போட்ட கையால் கிறுக்கினார். பிளசி தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

தர்ஷினி அந்த ஏழு மாசத்து ஒற்றைக் கட்டப் படிவத்தைத் தேடித் திறந்தாள். வரியின் தலையில் கொண்டுபோய்க் கர்சரை நிறுத்தினாள். நாற்பது வருஷமாகத் தன்பாட்டில் போட்டுவந்த எழுத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாக யோசித்துப் போட வேண்டியிருந்தது. கீபோர்டில் அது எங்கே இருக்கிறது என்று விரலுக்கு மறந்துவிட்டது. கண்ணால் தேடித்தான் அடித்தாள்.

டிரைவர் வரியைப் படித்தது. முதல் சொல் அதற்குப் புரியவில்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போயிற்று.

நூற்று இருபத்தெட்டு. நூற்று நான்கு. தொண்ணூறு. எழுபத்திரண்டு.

ஜெரால்டின் தோள் இறங்கியது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விட்டது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். படிவத்தின் நகலை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "ரொம்ப நன்றி மேடம். அன்னைக்கு ஒங்க கீபோர்ட ஒடச்சிட்டேன், மனசுல வெச்சுக்கிடாதீங்க" என்றார்.

பிளசி அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. அவர் பக்கத்தில் போய் நின்று அவளை அன்பாகத்தான் பார்த்தார்.

"ஏட்டி பிளசி, அழாத. பதினொண்ணே கால் பஸ்ஸு போயிரும்" என்றார்.

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். முன்பு ஏழு நாள் பார்த்தாளே, அதே முகம்தான். இந்தத் தடவை ஏழு நாள் காத்திருக்கவில்லை. சேலை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவருக்கு முன்னால் விறுவிறுவென்று படி இறங்கிப் போனாள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

தர்ஷினி நாற்காலியை விட்டு எழாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிளசியின் காலடி தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.